டிரெயின்னா வடிகுழாய்: வடியறது வேற, கசியறது வேற

வேலூர்ல ஆபரேஷன் வார்டுல ஒரு நாள் இருந்தீங்கன்னா பத்து தடவ காதுல விழும் இந்த வார்த்தை, "டிரெயின் எவ்ளோ வந்துச்சு, டிரெயின் காலி பண்ணீங்களா"ன்னு. எங்க பெரியப்பாவுக்கு கணையத்துல ஆபரேஷன் ஆனப்ப நான்தான் கூட இருந்தேன், மூக்குல ஒண்ணு, யூரினுக்கு ஒண்ணு, வயித்துல ரெண்டு (இதுதான் டிரெயின், ஆபரேஷன் பண்ண எடத்துல ஊறுற நீர வெளிய எடுக்கற குழாய்), எல்லாத்துக்கும் எங்க வீட்ல "டியூப்"னு ஒரே பேருதான். அதனால பெரியம்மா ஒரு நாள் வயித்துப் பையில இருந்தத கழிவுதானேன்னு நெனச்சிக்கினு அளக்காமலே கொட்டிட்டாங்க, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து எத்தினி எம்எல்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல.

டிரெயின்ங்கற சொல்லு பழைய இங்கிலீஷ்ல வடிகட்டறதுன்னு அர்த்தம் இருந்த சொல்லுலேர்ந்து வந்தது. நமக்கு அது அடுப்படிச் சொல்லு. சோறு வடிக்கிறோம், ஆம்பூர் பிரியாணிக்கு அரிசிய பாதி வேக்காட்டுல வடிக்கிறாங்க. அதனால வடிகுழாய்ங்கறதுதான் சரியான சொல். வடிகால்னும் சிலர் எழுதறாங்க, ஆனா அது தெருவுல மழைத்தண்ணி போற கால்வாய், வயித்துல வெக்கறது குழாய்தான்.

இப்ப முக்கியமான விஷயம். கணையத்தோட தலைப்பகுதிய எடுக்கற விப்பிள் ஆபரேஷன்ல, மிச்சமிருக்கற கணையத்த பெரும்பாலும் குடலோட சேத்து தைப்பாங்க. அந்த தையல்ல கணையநீர் கசிஞ்சா அது சாதா தண்ணி இல்ல, சாப்பாட்ட செரிக்கிற நீர், பக்கத்துல இருக்கற சதையையும் ரத்தக்குழாயையும் அரிச்சிடும். ஆபரேஷன் பண்ண எடத்துல ஊறுற நீர் வெளிய வர்றது வடிதல், அது எதிர்பாத்ததுதான். தையல்லேர்ந்து வர்றது கசிதல். ரெண்டும் ஒரே குழாய்ல வரும், கண்ணால பாத்து மட்டும் உறுதியா பிரிக்க முடியாது, அதான் அந்த நீர்ல அமைலேஸ் பாக்கறாங்க. அமைலேஸ்னா மாவுச்சத்த கரைக்கிற நொதி, நாம வடிக்கிற கஞ்சியில இருக்கறதும் அந்த மாவுச்சத்துதான்.

கசிவு நிக்காம ஓடிக்கினே இருந்தா பிஸ்டுலான்னு சொல்றாங்க, லத்தீன்ல அதுக்கு குழாய்னு அர்த்தம். தமிழ்ல புரை. புரையோடுன புண்ணுன்னு பாட்டிங்க சொல்லுவாங்களே, அதே புரைதான். பவுத்திரம்னு எழுதினா நம்ம ஊர்ல மூல நோய்ப் பக்கம் போயிடுவாங்க, அதனால கணையப் புரைன்னே எழுதணும். 2005ல உலக அளவுல ஒரு வரையறை போட்டாங்க, ஆபரேஷன் ஆகி மூணாம் நாளோ அதுக்கப்புறமோ வடிநீர்ல அமைலேஸ், ரத்தத்துல இருக்கவேண்டிய உச்ச அளவவிட மூணு மடங்குக்கு மேல இருந்தா அது புரைன்னு. 2016ல அத திருத்தி, அமைலேஸ் மட்டும் ஏறி நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னா அது வெறும் கசிவுதான், புரை இல்லன்னு பேர மாத்திட்டாங்க. டாக்டருங்களே பேரு விஷயத்துல இவ்ளோ கவனமா இருக்காங்க.

குழாய்லயும் வகை இருக்கு, பையில தானா வடியறது ஒண்ணு, அமுக்கி விட்ட குடுவை உறிஞ்சி இழுக்கறது இன்னொண்ணு. பை எப்பவும் வயித்துக்கு கீழதான் தொங்கணும், மேல தூக்கினா நீர் திரும்ப உள்ள போயிடும். குழாயே வேணாம்னு அமெரிக்காவுல விப்பிளுக்கு ஒரு ஆய்வு பண்ணாங்க, குழாய் வெக்காத பக்கம் சாவு அதிகமானதால பாதியிலயே நிறுத்தி 2014ல முடிவ வெளியிட்டாங்க. அதுக்காக ரொம்ப நாள் வெச்சாலும் கிருமி ஏறும். 2010ல வந்த இத்தாலி ஆய்வுல, மொத நாள் அமைலேஸ் 5000 யூனிட்டுக்கு மேல போகாதவங்களுக்கு மூணாம் நாளே குழாய எடுத்தது, அஞ்சு நாளுக்கு மேல வெச்சதவிட நல்லா இருந்துச்சு.

மொதல்ல லேசா செவப்பா வர்றது சகஜம், அப்பால வெளிறணும். பச்சையா வந்தா பித்தநீர், கலங்கி சாம்பல் நிறமா வந்தா சொல்லணும், நாலஞ்சு நாள் கழிச்சி புது ரத்தம் கொஞ்சமா எட்டிப் பாத்தாக்கூட, நின்னுடுச்சேன்னு விடாம அந்த நிமிஷமே சிஸ்டர கூப்பிடணும், பின்னாடி பெரிய ரத்தப்போக்கு வர்றதுக்கு அது முன்னறிவிப்பா இருக்கலாம்.

நான் இத்தன விளக்கினப்புறம் பெரியம்மா அளவுக்கப்புல பாத்துட்டுதான் கொட்டுனாங்க. "காலைலேர்ந்து வடிஞ்சது எம்பது, நெறம் மாறலம்மா"ன்னு அவங்களே சிஸ்டர்கிட்ட சொன்னாங்க.