‘அதெல்லாம் கைடு பார்த்துக்கொள்வார்’ என்று கிளம்புகிறவர்களுக்கு

மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். பலநாள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் சாமான்களைப் பற்றித்தான். எந்த ஜாக்கெட் வாங்கலாம், எத்தனை லிட்டர் பை எடுக்கலாம், இந்த ஷூ போதுமா? முழங்காலைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ கேட்பவர்கள் குறைவு. நானாகக் கேட்டால், “கைடு நீங்க கூட வரீங்களே, பார்த்துக்க மாட்டீங்களா?” என்று சிரிப்பார்கள்.

பார்த்துக்கொள்வேன்தான். வழி தவறாமல் கூட்டிப் போவது, வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, யாருக்காவது முடியாமல் போனால் முதலுதவி செய்து கீழே இறக்குவது எல்லாம் என் பொறுப்பு. ஆனால் உங்கள் தொடை இறங்க வேண்டிய இறக்கத்தை என் தொடை இறங்க முடியாது. நீங்கள் சொல்லாமல் விட்ட ஆஸ்துமாவை நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கைடோடு போகும் பயணத்துக்கான தயாரிப்பு என்று நான் நினைப்பது இந்த இரண்டைத்தான்: உடம்பைப் பழக்குவது, உடம்பைப் பற்றி உள்ளதைச் சொல்வது. கடைக்குப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் பயண அட்டவணையைக் கையில் எடுங்கள். பலர் கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு, “பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, தினமும் காலையில் ஆறு நடக்கிறேனே” என்பார்கள். மலையில் தூரத்தைவிட ஏற்றமும் இறக்கமும்தான் கணக்கு. 1892ஆம் ஆண்டில் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன ஒரு விதியை இன்றும் பயன்படுத்துகிறோம்: சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இது நல்ல உடல்தகுதி உள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். குழுவாக, பையோடு, உட்கார்ந்து சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனால் ஆறு மணி நேரம் தாராளமாக ஆகும். இப்படி ஒவ்வொரு நாளையும் போட்டுப் பாருங்கள். அட்டவணையில் இறக்கத்தின் அளவு இல்லையென்றால் நடத்துபவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஏனென்றால் ஆட்களை முடக்குவது பெரும்பாலும் இறக்கம்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நிற்போம், சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தசை சுருங்கி வேலை செய்யும்போது ஏற்படுவதைவிட இப்படி நீண்டபடி வேலை செய்யும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். அந்த வலி உடனே தெரியாது. ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். முதல் நாள் கும்மாளமாக ஓடி இறங்கியவர் மூன்றாம் நாள் காலையில் கூடாரத்துக்கு வெளியே குந்த முடியாமல் நிற்பது இதனால்தான். ஒருநாள் மலையேற்றத்தில் இந்த வலி வீட்டு சோபாவில் வந்து போய்விடும். பலநாள் பயணத்தில் அதே காலோடு மறுநாளும் நடக்க வேண்டும். வலிக்கும் தொடையால் முழங்காலைத் தாங்கிப் பிடிக்க முடியாது. கால் இடறுவதும் கணுக்கால் பிசகுவதும் அப்போதுதான்.

நல்ல செய்தி, இது பழகும். ஒருமுறை இறக்கத்தில் தசையை வேலை வாங்கினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அந்த அளவு வலியைத் தராது. அதனால் பயிற்சியில் இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மலை இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். சில நாள் லிஃப்ட்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். மெதுவாக, தொப்பென்று விழாமல், ஒவ்வொரு படியிலும் காலைக் கட்டுப்படுத்தி இறக்க வேண்டும். மற்ற நாட்களில் படியேறுங்கள், அது இதயத்துக்கும் நுரையீரலுக்கும். குறைந்தது எட்டு வாரம், பன்னிரண்டு கிடைத்தால் நல்லது. கடைசி மாதத்தில் மலையில் சுமக்கப்போகும் அதே பையை, அதே எடையோடு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட நடை போங்கள். சனிக்கிழமை எல்லோரும் நடந்துவிடுவார்கள். நாம் தயாரா என்று காட்டுவது ஞாயிற்றுக்கிழமைதான். கடைசி வாரம் மட்டும் குறைத்துக்கொண்டு நன்றாகத் தூங்குங்கள். முழங்காலிலோ குதிகாலிலோ ஏற்கெனவே வலி இருந்தால் இந்தப் பயிற்சியைத் தொடங்கும் முன்பே ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள், கிளம்புவதற்கு முந்தைய வாரம் அல்ல.

ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். “அதெல்லாம் வயசானவங்களுக்கு” என்று சொன்ன இளைஞர்கள் இரண்டாம் நாள் மாலையில் என்னிடம் கடன் கேட்பது வழக்கமான காட்சி. இறக்கத்தில் முழங்காலில் விழும் சுமையில் ஒரு பகுதியை அது கைக்கு மாற்றிவிடும்.

ஷூ விஷயத்தில் புதிய ஷூ கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய ஷூவின் ஆபத்து பலருக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் வாங்கி, இரண்டு முறை போட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த ஷூ பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும். ஆனால் அடிப்பாகத்துக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல உதிர்ந்துகொண்டிருக்கும். மலையில் ஏறிய சில மணி நேரத்தில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று தொங்கும். அப்புறம் டேப்பையும் கயிற்றையும் சுற்றித்தான் ஓட்ட வேண்டும். அதனால் எந்த ஷூவானாலும் பயிற்சி நடை முழுவதும் அதையே போட்டு நடந்து பாருங்கள். வாங்குவதானால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலையில் போடப்போகும் தடித்த சாக்ஸோடு போய், சரிவில் இறங்கி நின்று பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். இடித்துக்கொண்டே நாள் முழுக்க இறங்கினால் நகம் கறுத்துப்போகும்.

நடக்கும்போது காலில் எங்காவது சூடாக, உரசுவதுபோலத் தோன்றினால் உடனே சொல்லுங்கள். அப்போதே டேப் ஒட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். குழுவைக் காக்கவைக்க வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டு போய் மாலையில் கொப்புளத்தைக் காட்டுகிறவர், மறுநாளிலிருந்து அதே குழுவை மணிக்கணக்கில் காக்கவைக்கிறார்.

சரி, உண்மையைச் சொல்லும் விஷயம். எல்லாப் பயணத்துக்கும் ஒரு உடல்நலப் படிவம் உண்டு. அதில் பெரும்பாலானவர்கள் வரிசையாக ‘இல்லை’ என்று போட்டு அனுப்பிவிடுவார்கள். சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம். அந்தத் தகவலை வைத்து நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் இந்தப் பயம் குறையலாம். ஒருவர் இன்சுலின் போடுகிறவர் என்று தெரிந்தால், சாப்பாட்டு நிறுத்தங்களை அவருக்கு ஏற்றபடி வைப்பேன். மருந்து உறைந்தால் கெட்டுவிடும் என்பதால் அதைப் பையின் வெளிப்பக்கத்தில் வைக்காமல் உடம்போடு ஒட்டி வைக்கச் சொல்வேன். ஆஸ்துமா என்றால் இன்ஹேலர் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், சின்ன அடி என்று விடமாட்டேன். இதயக் கோளாறு, வலிப்பு, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றுக்கு முதலில் மருத்துவரின் பதில் வேண்டும். சிலரை உயரம் குறைந்த வேறு பயணத்துக்கு மாற்றியிருக்கிறேன். வருத்தப்பட்டார்கள், ஆனால் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

உங்கள் பயணம் 2500 மீட்டருக்கு மேல் போகிறதென்றால் உண்மை பேசுவது இன்னும் முக்கியமாகிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சுமார் 5500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். இந்தக் குறைவுக்கு உடம்பு பழக நாள் ஆகும். அதற்குள் வேகமாக ஏறினால் தலைவலி, குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு வரும். உயர நோய் என்பது இதுதான். இங்கே உடல்தகுதி காப்பாற்றாது. மாரத்தான் ஓடுபவருக்கும் வரும், சில சமயம் அவர் வேகமாக ஏறிவிடுவதாலேயே வரும். 3000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரத்தைக் கூட்டாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். பணம் கட்டும் முன் பென்சிலை எடுத்து அட்டவணையில் இதைச் சரிபாருங்கள். நாட்களைக் குறைத்து மலிவாகத் தரும் பயணங்களில் முதலில் வெட்டப்படுவது இந்த ஓய்வு நாள்தான்.

மலையில் யாரும் எளிதில் ஒத்துக்கொள்ளாத ஒன்று தலைவலி. தூக்கம் போதவில்லை, வெயில் என்று காரணம் சொல்லி, யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். தலைவலி என்று சொன்ன உடனே யாரையும் கீழே அனுப்புவதில்லை. அதே உயரத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மறைத்துக்கொண்டு மேலே ஏறுவதுதான் ஆபத்து. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். குடித்தவர்போல் தள்ளாடினால், பேச்சு குழம்பினால் மூளை வீங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது நள்ளிரவானாலும் இறங்கியே ஆக வேண்டும். நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லி நாங்கள் சோதிப்பது விளையாட்டுக்கு அல்ல.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உடம்பு உயரத்துக்குப் பழகுவதை அது வேகப்படுத்தும். ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளே ஆரம்பிப்பது வழக்கம். விரல் நுனி மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையோ மதுவோ வேண்டவே வேண்டாம், இரண்டும் இரவில் மூச்சை மட்டுப்படுத்தக்கூடும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. நிறையக் குடித்தால் உயர நோய் வராது என்று கேள்விப்பட்டு, தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் தண்ணீர் அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பார்க்க உயர நோய் போலவே இருக்கும். தாகத்துக்குக் குடியுங்கள், நடுவில் உப்பும் சேரட்டும்.

உடைக்கு நீண்ட பட்டியல் வேண்டாம். பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும் என்பதை மனதில் வைத்து அடுக்கடுக்காகப் போடுங்கள். பெரிய பையைச் சுமைதூக்கிகளோ கழுதைகளோ கொண்டுபோகும் பயணங்களில் ஒன்றைப் பலர் மறக்கிறார்கள்: அந்தப் பை மாலைவரை உங்கள் கைக்கு வராது. மழைக்கோட், ஒரு கனமான உடை, தலையில் மாட்டும் டார்ச், தினசரி மருந்து, சாப்பிட ஏதாவது, இவை எப்போதும் உங்கள் முதுகில் இருக்கும் பையில்தான் இருக்க வேண்டும்.

நடத்துபவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒருவர் பாதியில் இறங்க வேண்டி வந்தால் அவரோடு யார் போவார், மீதிக் குழுவோடு யார் இருப்பார்? கைடுக்கு முதலுதவிப் பயிற்சி இருக்கிறதா? செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் எப்படித் தொடர்புகொள்வீர்கள்? என் காப்பீடு இந்த உயரத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா? கடைசிக் கேள்வியைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், பல பாலிசிகளில் உயர வரம்பு இருக்கும். சுமைதூக்கிகளுக்கு என்ன உடை, எங்கே தூங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்களைக் கவனிக்காத நிறுவனம் உங்களைக் கவனிக்கும் என்று நான் நம்ப மாட்டேன். “அந்த மாதிரி எதுவும் எங்க ட்ரிப்ல நடந்ததே இல்லைங்க” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடைசியாக, திரும்பும் டிக்கெட். பயணம் முடியும் அன்று இரவுக்கே ரயிலையோ விமானத்தையோ போட்டு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். பனியோ மண்சரிவோ வந்து ஒரு நாள் காத்திருக்கலாம் என்று நான் சொல்லும்போது, போயே ஆக வேண்டும் என்று முதலில் குரல் கொடுப்பது அவர்கள்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, டிக்கெட் அப்படி. ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், இடைவெளி விட்டுப் போடுங்கள். எல்லாம் திட்டப்படி முடிந்து அந்த நாள் மிச்சமானால், துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தூங்கலாம்.