பனி விலகும் கரையில் பூச்சி எழும் நேரம்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு பிளட் வார்ம் தெரியும். கடையில் சின்னச் சின்னக் கட்டிகளாக உறையவைத்து விற்பார்கள். தண்ணீரில் போட்டதும் உருகி, சிவப்பு நூல்களாகப் பிரியும். புழு என்று சொன்னாலும் அது ஒரு பூச்சியின் இளம்பருவம். கைரோனோமிட் என்று பெயர். வளர்ந்தால் பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. நம் ஊர்க் குளத்துச் சேற்றிலும் இது உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், காம்லூப்ஸ் நகரைச் சுற்றியிருக்கும் மேட்டுநில ஏரிகளில், குளிர்காலம் முடிகிற நேரத்தில் ரெயின்போ டிரவுட் மீனும் அதைப் பிடிக்க வருபவரும் இந்தப் பூச்சியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அந்த ஏரிகளின் மேல்பரப்பு மாதக்கணக்கில் பனிக்கட்டியாகக் கிடக்கும். அடிவரை உறையாது. தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே போய்விடும். அதனால் பனிக்கட்டியை ஒட்டிய தண்ணீர் 0 டிகிரியில் இருக்க, அடியில் 4 டிகிரி. குளிர்காலம் முழுக்க ஏரியிலேயே கதகதப்பான இடம் அடிச்சேறுதான்.

கதகதப்பு இருக்கிறது சரி, மூச்சுக்கு என்ன செய்வது? பனிக்கட்டி காற்றை மறிக்கிறது. அதன்மேல் குவியும் வெண்பனி வெளிச்சத்தையும் மறிப்பதால் பாசிக்கு வேலையில்லை. அடியில் மட்கும் இலைதழை இருக்கிற ஆக்சிஜனையும் குடித்துவிடுகிறது. ஆழமில்லாத ஏரிகளில் சில வருஷம் மீன்கள் கூட்டமாகச் செத்துப்போவது இதனால்தான். அதே சேற்றில் பிளட் வார்ம் பிழைத்துக் கிடக்கிறது. அதன் சிவப்பு, ஹீமோகுளோபினின் சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருள்தான், ஆனால் மிகக் குறைந்த ஆக்சிஜனையும் விடாமல் பற்றிக்கொள்ளும் ரகம். புழு சேற்றில் ஒரு குழாய் கட்டி அதற்குள் இருந்துகொண்டு, உடலை நெளித்து நெளித்துப் புதுத்தண்ணீரை உள்ளே இழுக்கும்.

கரையோரம்தான் முதலில் திறக்கும். அங்கே ஆழம் குறைவு, கறுத்த தரை வெயிலை வாங்கிச் சூடேறும். நடு ஏரியில் இன்னும் பனித்தட்டு கிடக்கும்போதே, ஓரத்தில் நாலடி அகலத் தண்ணீரில் சின்னப் பூச்சிகள் கிளம்பத் தொடங்கிவிடும். மற்றப் பூச்சிகளை இவை முந்துவதற்குக் காரணம், பல இனங்களில் புழு முழு வளர்ச்சி பெற்றே குளிர்காலத்தைக் கழிப்பதுதான். புதிதாகத் தின்று வளரவேண்டியதில்லை, கூட்டுப்புழுவாக மாறினால் போதும்.

பனி முழுதும் போனதும் ஒரு குழப்பமான வாரம் வரும். மேல்தண்ணீர் சூடேறி 4 டிகிரியைத் தொடும்போது, மேலும் கீழும் ஒரே கனம். ஒரு நல்ல காற்றடித்தால் ஏரியே புரண்டுவிடும். அடிச்சேறு கலங்கும், சில ஏரிகளில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். மீன் ஏனோதானோவென்றுதான் கடிக்கும். ஆனால் இந்தப் புரளல்தான் ஏரி முழுவதற்கும் ஆக்சிஜனை ஏற்றிவிடுகிறது.

அப்புறம் வருவதுதான் பார்க்கவேண்டிய காட்சி. கூட்டுப்புழு குழாயைவிட்டு வெளியே வந்ததும் நேராக மேலே போய்விடாது. அடியிலிருந்து ஓர் அடி, இரண்டு அடி உயரத்திலேயே தங்கி நிற்கும். அந்த நேரத்தில் அதன் வெளித்தோலுக்கும் உள்ளே தயாராகும் பூச்சிக்கும் நடுவே வாயு சேர்கிறது. ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: தலையில் வெள்ளைப் பஞ்சு போலச் செவுள் குஞ்சம், உடலெங்கும் பாதரசம் பூசியது போல மினுமினுப்பு. அந்த வாயுதான் அதை மெல்ல மெல்ல மேலே தூக்குகிறது. மேற்பரப்பைத் தொட்டதும் முதுகு பிளக்கும். சட்டை உரித்த பாம்பு போல பூச்சி வெளியே வந்து, அந்தச் சட்டையின் மேலேயே நின்று இறக்கையை விரித்துப் பறந்துவிடும்.

டிரவுட் குளிர்ரத்த உயிரி. 5, 6 டிகிரித் தண்ணீரில் அதற்குச் செரிமானமே மெதுவாகத்தான் நடக்கும். துரத்திப் பிடித்தால் தின்றதைவிடச் செலவு அதிகம். ஓடத் தெரியாமல் ஆயிரக்கணக்கில் தொங்கும் கூட்டுப்புழுக்களுக்கு நடுவே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நகர்ந்தாலே அதற்குப் போதும். அதனால்தான் மேலே பூச்சி பறப்பதைப் பார்த்து மேலேயே தூண்டில் போடுபவர் வெறுங்கையோடு திரும்புகிறார். மீன் கீழே, சேற்றுக்கு ஓரடி மேலே நிற்கிறது.

அந்த ஓரடியைக் கண்டுபிடிக்க அங்கே ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். படகை இரண்டு பக்கமும் நங்கூரமிட்டு அசையாமல் நிறுத்துவார்கள். தூண்டில் முள்ளில் ஒரு சின்ன இடுக்கியை மாட்டி, கனத்தில் அது தரையைத் தொடும்வரை இறக்கி, நரம்பில் தக்கையைத் தண்ணீர் மட்டத்துக்கு ஓரடி கீழே பொருத்துவார்கள். இடுக்கியைக் கழற்றி வீசினால் முள் சரியாகச் சேற்றுக்கு ஓரடி மேலே தொங்கும். முள்ளையே கூட்டுப்புழு போலக் காட்ட, அதில் கறுப்போ பழுப்போ நூல் சுற்றி, மினுமினுப்புக்கு மெல்லிய கம்பி, செவுளுக்கு வெள்ளை மணி. அதன்பின் இழுப்பதும் ஆட்டுவதும் கிடையாது, சும்மா இருக்கவேண்டும். எனக்கு இந்த வித்தையிலேயே மிகவும் பிடித்தது அந்தச் சும்மா இருத்தல்தான். அசையாத கூட்டுப்புழுவுக்கு அசையாத முள்.

எந்த அளவில் முள் கட்டுவது என்பதை, காற்று ஒதுக்கும் கரையில் மிதக்கும் வெற்றுச் சட்டைகளே காட்டிவிடும். நிறம் மட்டும் தெரியாது, சட்டை கண்ணாடி போல வெறுமையாக இருக்கும். தகைவிலான் குருவிகள் தண்ணீரை உரசிப் பறந்தால், பூச்சி மேலே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மீன் கடிப்பதும் பெரிய இழுப்பாக இருக்காது, தக்கை லேசாகச் சாயும், அவ்வளவுதான்.

தாழ்வான ஏரிகளில் பனி மார்ச் கடைசியில் விலகினால், மலைமேல் ஏரிகளுக்கு மே மாதம் ஆகும். அதனால் ஏப்ரலில் கீழே தவறவிட்டவர்கள் படகைக் கட்டிக்கொண்டு மேலே போகிறார்கள். இன்னும் பனி ஓரத்திலேயே விலகிக்கொண்டிருக்கும் ஏரி ஒன்று அங்கே இருக்கும்.