மானிட்டர்: பார்ப்பதற்கா, கேட்பதற்கா?

லினக்ஸ் கணினியில் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஒரு மானிட்டரை மாட்டுகிறோம். படம் வருகிறது, சத்தம் வரவில்லை. பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற நிரலைத் திறந்து துழாவினால், இன்புட் டிவைசஸ் பக்கத்தின் அடியில் ‘மானிட்டர்ஸ்’ என்று ஒரு தேர்வு கண்ணில் படும். அப்பாடா என்று அதைச் சொடுக்கினால் ‘மானிட்டர் ஆஃப் பில்ட்-இன் ஆடியோ’ என்று ஒரு வரி வரும். வழி தவறுவது இங்கேதான். அந்த வரிக்கும் மேசைமேல் நிற்கும் திரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதன் வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் திரையிலிருந்து ஒரு முனகல்கூட வராது.

ஒரே சொல் எப்படி இரண்டு வேறு பொருள்களுக்குப் பெயரானது என்பது நீண்ட கதை. நடுவில் சென்னை எழும்பூர் வழியாகவும் போகிறது.

இலத்தீனில் ‘மோனேரே’ என்றால் எச்சரிப்பது, நினைவூட்டுவது, புத்தி சொல்வது. அதைச் செய்பவர் ‘மோனிட்டோர்’. நினைவுச்சின்னத்தைக் குறிக்கும் மான்யுமெண்ட் இதே வேரில் பிறந்தது. தெய்வம் காட்டும் அபசகுனம் என்ற பொருளில் தொடங்கிப் பிறகு பூதத்துக்குப் பெயராகிப்போன மான்ஸ்டரும் அப்படித்தான். இன்னும் பின்னால் போனால், ‘நினைத்தல்’ என்ற பொருள்கொண்ட ‘மென்’ என்னும் இந்தோ-ஐரோப்பிய வேர் வருகிறது. சமஸ்கிருத மனஸும் அதன் வழியில் தமிழுக்கு வந்த மனமும் அந்த வேரைச் சேர்ந்தவை. மந்திரமும் மந்திரியும்கூட. ஆக, மானிட்டரும் மந்திரியும் தூரத்துச் சொந்தக்காரர்கள். இருவருக்கும் ஆதியில் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான்: பக்கத்தில் நின்று புத்தி சொல்வது.

ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவன்தான் மானிட்டர். 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகளின் காப்பகத்துக்குப் பொறுப்பேற்றார். நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அதையே தன் காப்பகத்தில் புகுத்த நினைத்தார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. அப்புறம், படித்த பையனை வைத்தே படிக்காத பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’, ‘மானிட்டோரியல் முறை’ என்ற பெயர்களில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. வாத்தியார் இல்லாத நேரத்தில் பள்ளியைப் பார்த்துக்கொள்ள அங்கே ஏற்கெனவே சட்டாம்பிள்ளை இருந்தான். சட்டாம்பிள்ளை என்ற சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் எழுதிய அகராதிக்காரர்களும் மானிட்டர் என்றே எழுதினார்கள். அப்படிப் பார்த்தால், மானிட்டருக்கு மிகப் பழைய, மிகப் பொருத்தமான தமிழ்ச்சொல் நம் கையில் இருந்திருக்கிறது. இன்று யாராவது தேவையில்லாமல் அதிகாரம் செய்தால்தான் ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்கிறோம். மலையாளத்தில் இதன் உறவான சட்டம்பிக்கு நேர்ந்த கதி இன்னும் மோசம்: வகுப்புத் தலைவனாக இருந்தவன் இப்போது அடாவடிக்காரன். கேரளத்துச் சீர்திருத்தவாதியான சட்டம்பி சுவாமிகளின் பெயரில் மட்டும் பழைய மரியாதை மிஞ்சியிருக்கிறது. பள்ளியில் வகுப்புத் தலைவராக இருந்ததால் வந்த பெயர் அது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளோ சுற்றிவளைக்காமல் ‘மொனிட்டர்’ என்றே சொல்லிவிடுகிறார்கள்.

1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘மானிட்டர்’ என்ற பெயரில் ஓர் இரும்புக் கவசக் கப்பல் இறங்கியது. தென்மாநிலத் தலைவர்களுக்குப் புத்தி புகட்டும் என்பதால் இந்தப் பெயர் என்று அதை வடிவமைத்த ஜான் எரிக்சனே சொன்னார். உடும்புக்கும் ஆங்கிலத்தில் மானிட்டர் என்றே பெயர். முதலை வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. பாவம், உடும்புக்கு அப்படி ஓர் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

நம் சிக்கலுக்கு நெருக்கமான பொருள் வானொலியோடு வருகிறது. ஒலிபரப்பு நிலையத்தில், வெளியே போகும் நிகழ்ச்சி சரியாகத்தான் போகிறதா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கேட்பதும் மானிட்டர், கேட்க உதவும் கருவியும் மானிட்டர். தொலைக்காட்சி வந்ததும், காமிரா பிடிப்பதைப் பார்த்துச் சரிபார்க்கும் நிலையத்துத் திரைக்கும் அதே பெயர் போனது. கணினி உலகம் முதலில் இந்தச் சொல்லை ஒரு நிரலுக்குத்தான் வைத்தது. வேலைகளை வரிசையாக ஓட்டி மேற்பார்த்த 1950களின் நிரல்களை மானிட்டர் என்றார்கள். 1976இல் வந்த ஆப்பிள் 1 கணினிக்குள் ஸ்டீவ் வாஸ்னியாக் எழுதிய சிறு நிரலுக்கும் மானிட்டர் என்றே பெயர். மொத்தம் 256 பைட்தான். அந்தக் காலத்துக் கணினிகளோடு தொலைக்காட்சிப் பெட்டியையோ வீடியோ மானிட்டரையோ தனியாக வாங்கி இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி இணைத்த திரையிலேயே பெயர் ஒட்டிக்கொண்டது. திரை இப்போது யாரையும் எச்சரிப்பதில்லை, எதையும் சரிபார்ப்பதுமில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒலித்துறைக்காரர்கள் பழைய பொருளை விடவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் மானிட்டர் என்றால் பதிவைச் சரிபார்க்கும் ஒலிபெருக்கி. சென்னை சபாக்களில் பாடகருக்கு எதிரே தரையில் சாய்ந்து கிடக்கும் பெட்டியும் மானிட்டர்தான். கச்சேரி நடுவில், ‘மானிட்டர்ல மிருதங்கத்தைக் கொஞ்சம் குறைங்க’ என்று மைக்கிலேயே சொல்லும் பாடகரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டியின் சத்தம் ரசிகருக்கானது இல்லை, பாடகருக்கானது.

லினக்ஸின் ஒலி அமைப்பை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளைத்தான். லெனார்ட் பொட்டரிங் 2004இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோவில், ஒலி போய்ச் சேரும் இடத்துக்கு சிங்க் என்று பெயர், ஒலி வரும் இடத்துக்கு சோர்ஸ். ஸ்பீக்கர் ஒரு சிங்க், மைக் ஒரு சோர்ஸ். ஒவ்வொரு சிங்க்குக்கும் ஒரு மானிட்டர் தானாகவே உருவாகிறது. அந்த சிங்க்குக்குள் என்ன போகிறதோ அதன் நகலை வெளியே கொடுக்கும் சோர்ஸ் அது. திரையில் ஓடும் இணைய வகுப்பின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் மைக்கைப் பிடிக்காமல் இந்த மானிட்டரைப் பிடிக்க வேண்டும். திரையில் நடப்பதைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் நிரல் கணினியின் சத்தத்தைப் பதிவதும் இப்படித்தான். ஆக அது காது. அதனிடம் போய் வாயைத் திற என்றால் எப்படித் திறக்கும்? விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் என்ற புதிய ஒலி அமைப்பு, 2021இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 34ஆம் பதிப்பு வழியாக பல்ஸ்ஆடியோவின் இடத்தைப் பிடித்தது, பின்னர் இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவும் 22.10 பதிப்பில் அதற்கு மாறியது. அங்கேயும் மானிட்டர் என்ற சொல்லும் பொருளும் அப்படியே தொடர்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், அதே லினக்ஸின் இன்னோர் அடுக்கில் மானிட்டர் என்றால் திரை. கருவியோடு நேரடியாகப் பேசும் ஆல்சா அடுக்கு, எச்டிஎம்ஐயில் மாட்டிய திரையைப் பற்றி ‘ஈஎல்டி’ என்ற கோப்பில் குறித்து வைக்கிறது. ப்ராக் அடைவுக்குள் ஏசவுண்ட், அதற்குள் ஒலி அட்டையின் பெயரில் ஓர் அடைவு, அதில் இந்தக் கோப்பு இருக்கும். திறந்தால் ‘மானிட்டர் பிரசண்ட்’, ‘மானிட்டர் நேம்’ என்று வரிகள் வரும். இங்கே மானிட்டர் நேம் என்பது உங்கள் மேசைமேல் நிற்கும் திரையின் மாடல் பெயர். ஒரே கணினி, ஒரே ஒலி அமைப்பு, ஒரே சொல், இரண்டு பொருள். இதை ஒழுங்குபடுத்த யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

சத்தம் வராத சிக்கலை அவிழ்க்க இந்த இரண்டு மானிட்டரும் உதவும் என்பதுதான் சுவாரசியம்.

முதலில் காது மானிட்டர். அவுட்புட் டிவைசஸ் பக்கத்தில் ஒவ்வொரு சிங்க்குக்கும் கீழே, பாட்டு ஓடும்போது ஒரு பட்டை துள்ளும். அந்தப் பட்டையைத் துள்ள வைப்பது அந்த சிங்க்கின் மானிட்டர்தான். எச்டிஎம்ஐ என்று பெயருள்ள சிங்க்கில் பட்டை துள்ளினால், ஒலி அதுவரை போய்ச் சேர்ந்துவிட்டது, கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. வேறொரு சிங்க்கில் துள்ளினால், நிரல் தப்பான இடத்துக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்போது பிளேபேக் பக்கத்துக்குப் போய் அந்த நிரலுக்கு நேரே எச்டிஎம்ஐயைத் தேர்ந்தால் போதும். ஒரு நிரல் கடைசியாக எந்தக் கருவியில் ஒலித்தது என்பதை இந்த அமைப்பு நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் பிரவுசரில் சத்தம் வந்து வீடியோ பிளேயரில் வராமல் போவதும் உண்டு.

பட்டியலில் எச்டிஎம்ஐ சிங்க்கே இல்லை என்றால்? கான்ஃபிகரேஷன் பக்கத்தில் புரொஃபைல் என்ற தேர்வைப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் உள் ஸ்பீக்கரும் எச்டிஎம்ஐயும் ஒரே ஒலி அட்டையின் இரண்டு புரொஃபைல்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடப்பில் இருக்கும். ‘அனலாக் ஸ்டீரியோ’ என்று இருந்தால் எச்டிஎம்ஐ பட்டியலிலேயே தோன்றாது. ‘டிஜிட்டல் ஸ்டீரியோ எச்டிஎம்ஐ’ என்று மாற்றியதும் சிங்க் முளைக்கும். எச்டிஎம்ஐ 2, 3 என்று பல வரிகள் இருந்தால், ‘அன்பிளக்டு’ என்று போடாத வரியைத் தேர்வது நல்லது. தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் எச்டிஎம்ஐ அந்த அட்டையின் பெயரில் தனியாக நிற்கும். அது ‘ஆஃப்’ என்று கிடக்கலாம்.

பட்டை துள்ளியும் சத்தம் இல்லையென்றால் இரண்டாவது மானிட்டரைக் கேட்க வேண்டும். ஈஎல்டி கோப்பில் மானிட்டர் பிரசண்ட் 1, ஈஎல்டி வேலிட் 1 என்று இருந்தால், திரை தன்னால் ஒலி வாங்க முடியும் என்று கணினிக்குச் சொல்லியிருக்கிறது. வேலிட் 0 என்றால் அந்தப் பேச்சே நடக்கவில்லை, கேபிளையோ இடையில் மாட்டிய அடாப்டரையோ சந்தேகப்படலாம். விஜிஏ கேபிளில் ஒலி போகவே போகாது. டிவிஐ தரமும் படத்துக்கு மட்டும் எழுதப்பட்டது. எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான் ஒலியைச் சுமக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் அமைதி என்றால், கட்டளை தட்டும் முனையத்தில் ஆல்சாமிக்சர் என்ற நிரலைத் திறந்து, டிஜிட்டல் ஒலியைக் குறிக்கும் எஸ்பிடிஐஎஃப் என்ற பெயருள்ள தூண்களின் கீழே ‘எம்எம்’ என்று இருக்கிறதா பாருங்கள். அது மியூட். எம் விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும். அப்புறம் திரையின் சொந்த மெனுவில் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஸ்பீக்கரே இல்லாத திரைகளும் ஏராளம். ஒலியை வாங்கிப் பின்னால் இருக்கும் ஹெட்போன் துளைக்கு அனுப்புவதோடு அவற்றின் வேலை முடிந்தது. கணினியின் கண்ணில் அவையும் ஒலிக்கும் திரைகளே. லினக்ஸை மாற்றி மாற்றி நிறுவும் முன் திரையின் பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துவிடலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? திரைக்குத் தகராறு இல்லை. திரை, கணினித் திரை இரண்டும் புழங்குகின்றன. கருவி முழுவதையும் சுட்ட ‘திரையகம்’ என்றும் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் கடையில் போய்க் கேட்க முடியாது. கடையில் மானிட்டர்தான்.

வினைக்குக் கண்காணி என்ற சொல் உறுதியாக நிற்கிறது. பழையதும்கூட. ‘கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்’ என்று திருமந்திரத்தில் வருகிறது. அங்கே கண்காணி என்பவன் எங்கும் கலந்து நின்று பார்க்கும் இறைவன். அதே சொல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் கங்காணி ஆனது, ஆங்கில அகராதிக்குள்ளும் போனது. ஆள் பிடித்து, வேலை வாங்கி, கடனில் கட்டிவைத்த கங்காணியின் நினைவு தோட்டத் தமிழர்களுக்கு இனிப்பானது இல்லை. இப்போது நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் மருத்துவமனைக் கருவி வரைக்கும் கண்காணிப்பு என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துகிறோம்.

ஒலி அமைப்பின் மானிட்டருக்கு இது பொருந்துமா? பொருளளவில் பொருந்தும், ஆனால் சொல்லுக்குள் கண் இருக்கிறது. கருவியோ காதால் வேலை செய்கிறது. ஒட்டுக்கேட்பு என்றால் வேலையைத் துல்லியமாகச் சொல்லும். இன்னொருவருக்குப் போகும் ஒலியை, போக்கைக் கெடுக்காமல், பக்கத்தில் நின்று கேட்பதுதானே அது. என்ன, சொல்லில் கொஞ்சம் திருட்டு வாசனை அடிக்கும். அதற்காக ‘கேட்புமுனை’ என்று வைக்கலாம் என்பது என் கட்சி. ‘ஸ்பீக்கரின் கேட்புமுனை’ என்று ஒரு பட்டியலில் வந்தால், இது கேட்கும் பக்கம், ஒலிக்கும் பக்கம் இல்லை என்று பார்த்ததுமே தெரியும். யாரும் அதைத் திரை என்று நினைக்க வாய்ப்பில்லை. ஆல்சாவின் ஈஎல்டி கோப்பைத் தமிழில் விளக்குவதாக இருந்தால் அங்கே மானிட்டர் நேமுக்குத் திரையின் பெயர் என்று எழுதினாலே போதும், புதுச்சொல் எதுவும் வேண்டாம். பாடகருக்கு எதிரே கிடக்கும் சபா பெட்டியை மட்டும் மானிட்டர் என்றே விட்டுவிடலாம். மிருதங்கத்தைக் குறைக்கச் சொல்லும் அவசரத்தில் எந்தப் பாடகரும் கலைச்சொல் தேட மாட்டார்.