பழைய கீபோர்டுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடிப்பவர்களுக்கு

போன வாரமும் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. காம்பேக் போர்ட்டபிள், 1983-இல் விற்பனைக்கு வந்த கம்ப்யூட்டர். சொந்தக்காரர் இங்கே பெங்களூரில், இந்திராநகரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவர். பாதி எழுத்து வரவில்லை என்றதும் எஸ்.பி. ரோட்டில் ஒரு கேன் கான்டாக்ட் கிளீனர் (உலோகத் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) வாங்கி, முழுக்க அடித்திருக்கிறார். அது கேட்கவில்லை. உள்ளே சர்க்யூட் போர்டில் இருந்த திட்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, மேலே பென்சில் கரியும் பூசிவிட்டார். "கார்பன் போயிருக்கும்னு நெனச்சேன் சார்" என்றார். டிவி ரிமோட்டில் பார்த்த வைத்தியம். இதே கதையோடு வருகிறவர்கள் ஓயவே மாட்டேன் என்கிறார்கள்.

தயவுசெய்து கேளுங்கள். இந்த வகைக் கீபோர்டில் கான்டாக்டே கிடையாது. இல்லாத கான்டாக்டுக்குக் கிளீனர் எதற்கு? ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு ஃபோம் வில்லை, அதன் அடியில் அலுமினியப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள். கீயை அழுத்தினால் அது போர்டில் உள்ள இரண்டு செம்புத் திட்டுகளின் மேல் படியும். படிந்தாலும் நடுவே காப்பு இருக்கிறது. உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், கூடுவதைத்தான் சர்க்யூட் கவனிக்கிறது. உப்புத்தாளால் நீங்கள் எடுத்தது அழுக்கை அல்ல, அந்தக் காப்பை. கரி பூசினால் இரண்டு திட்டுக்கும் நடுவே மின்கசிவு வேறு.

செத்துப்போனது ஃபோம். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்திலேயே சிதையும். யாரும் தட்டாமல் பரணில் கிடந்தாலும் சிதையும். சிலது தொட்டால் பொடியாகும், சிலது விரலோடு பிசுபிசுவென்று வரும். ஆப்பிள் லிசா கம்ப்யூட்டரிலும் கீ ட்ரானிக் என்ற கீபோர்டு கம்பெனியின் இதே அமைப்பு, இதே நோய். (1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டும் கெபாசிட்டிவ்தான், அதிலும் ஃபோம் உண்டு. ஆனால் அது தகடுகளுக்கு நடுவே விறைப்புக்குப் போட்ட விரிப்பு. அந்த வேலை வேறு, இதோடு குழப்ப வேண்டாம்.)

கோளாறு எங்கே என்று பார்ப்பது சுலபம். பவரை அணைத்துவிட்டு, போர்டைப் பிரித்து வெளியே வைத்து, கேபிளை மாட்டி, மெஷினைப் போடுங்கள். வராத எழுத்தின் திட்டுகள் மேல் விரல்நுனியை வையுங்கள். எழுத்து வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, வில்லைதான் போச்சு. சால்டரிங் அயர்னைத் தூர வையுங்கள்.

பிரிக்கும்போது கீபோர்டைக் கவிழ்த்து வைத்தே பிரியுங்கள். நிமிர்த்தினால் எல்லாம் கொட்டும். அப்புறம் ஒரு சாயங்காலம் முழுக்க ஸ்பிரிங் பொறுக்க வேண்டியதுதான். போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். செத்த நாலு கீக்கு மட்டும் வில்லை மாற்றாதீர்கள்: மற்றதெல்லாம் அதே வயது, அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வருவீர்கள். சமையலறை அலுமினியத் தாளை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம், அதில் காப்பு இல்லை.

நம்பிக்கை இல்லையென்றால் எதையும் தொடாமல் கொண்டு வாருங்கள். கெட்ட கீபோர்டைச் சரிசெய்துவிடலாம், வைத்தியம் பார்த்த கீபோர்டோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

நீங்களே வெட்டுவதானால் பழைய வில்லைகளில் உருக்குலையாத இரண்டு மூன்றை அளவுக்கு எடுத்து வையுங்கள். புது ஃபோம் தடித்துவிட்டால் எழுத்து தானாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், மெலிந்துவிட்டால் குத்தினால்தான் வரும். முதலில் ஒரு கீக்கு மட்டும் போட்டுத் தட்டிப் பாருங்கள், அப்புறம் மற்றதை வெட்டலாம்.