தலைசுற்றல் மாத்திரை: எத்தனை நாள், யாருக்கு?

பார்மசியில் “தலை சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம், இல்லாவிட்டால் சின்னரிசின் 25 மில்லிகிராம். இரண்டும் பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள், அதாவது ஒவ்வாமைக்கும் தரப்படும் மருந்து வகை. இவை மூளைக்குள் நுழைவதால்தான் உள்காதிலிருந்து வரும் குழப்பமான சமிக்ஞைகள் அடங்குகின்றன. தூக்கம் வருவதும் அதனால்தான். மூக்கொழுகலுக்கு வாங்கி வைத்த புதிய தலைமுறை லோராட்டடின் இங்கே உதவாது. அது மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை.

மலேசியாவில் கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ பஸ் ஏறுபவர்கள் டைமென்ஹைட்ரினேட்டை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை மந்தமாகி, விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. போட்டவர் காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக் கூடாது. சளி மருந்திலுள்ள குளோர்பெனிரமினையும், சில இருமல் சிரப்பிலுள்ள டைபென்ஹைட்ரமினையும் மறந்துவிடுகிறார்கள். இவையும் அதே வகை மருந்துகள்தான். டைமென்ஹைட்ரினேட்டின் பாதிக்கு மேல் டைபென்ஹைட்ரமின்தான். சேர்த்தால் இரட்டை டோஸ்.

படுக்கையில் புரளும்போதோ, அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்துக்குள் சுழன்று அடங்குகிறதா? உள்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கலாம். எந்த மாத்திரையும் அவற்றை நகர்த்தாது. எப்ளி முறையில் டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிக் கிடத்தினால் பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும்.

உள்காது நரம்பு வீக்கத்தால் வரும் சுற்றலுக்கு முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரை நியாயம். அதற்குமேல் நீட்டினால், புது நிலைமைக்கு மூளை பழகுவது தாமதமாகி, சுற்றல் தொடரும். அதற்காக மறுபடி மாத்திரை வாங்குவார்கள்! சமநிலைப் பரிசோதனைக்கு முன் எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்து உடலில் இருந்தால் முடிவு பிசகும்.

வயதானவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. இந்த மாத்திரைகளால் புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், சிலவகை கிளாகோமாவில் கண் அழுத்தம் ஏறலாம், இரவில் எழுந்து போகையில் விழலாம். சின்னரிசினை மாதக்கணக்கில் போட்டால் கை நடுக்கமும் மெதுநடையும் வரலாம். அதைப் பார்க்கின்சன் எனும் நடுக்க நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து சேர்ப்பதுதான் பெரிய அபத்தம். முதலில் நிறுத்த வேண்டியது சின்னரிசினை.

பேச்சுக் குளறல், முகம் கோணல், ஒரு பக்கம் பலவீனம், இரட்டைப் பார்வை, நிற்கவே முடியாமை: சுற்றலோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை தேடாமல் மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள்; பக்கவாத சிகிச்சையை முடிவு செய்ய டாக்டருக்கு அது தேவைப்படும்.