உக்கிராணக்காரன்: சொல்லின் பொருளும் அன்றாடப் பழக்கமும்

'உக்கிராணக்காரன்' என்ற சொல்லை இன்று பெரும்பாலும் திருச்சபைக்குள்தான் கேட்கிறோம். 'நாம் தேவனுடைய உக்கிராணக்காரர்' என்று பிரசங்கத்தில் சொல்லப்படும்போது, கேட்பவர்களில் பலர் அதைக் காணிக்கையைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒலியை மட்டும் வைத்து 'உக்கிரம்' என்னும் சொல்லோடு இதைச் சேர்த்து நினைப்பவர்களும் உண்டு. ஆனால் இதன் பொருளில் சினமோ கடுமையோ சிறிதும் இல்லை. உக்கிராணம் என்பது தானியம், எண்ணெய், பாத்திரங்கள் முதலியவற்றைச் சேர்த்துவைக்கும் அறை, அதாவது பண்டசாலை. கன்னடத்தில் 'உக்ராண' என்றும் தெலுங்கில் 'உக்ராணமு' என்றும் இதே பொருளில் இச்சொல் வழங்குகிறது. பெரிய வீடுகளிலும் அரண்மனைகளிலும் அந்த அறையின் சாவியை வைத்திருந்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணக்கில் வைத்தவனே உக்கிராணக்காரன். அறையிலுள்ள எதுவும் அவனுடையதன்று; ஆனால் அவன் கை படாமல் அதிலிருந்து எதுவும் வெளியே போகாது.

ஹென்றி பவர் முதன்மை மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தின் வழியாகவே இச்சொல் நம் ஆராதனை மொழியில் ஆழமாக ஊன்றியது. புதிய ஏற்பாட்டில் உக்கிராணக்காரன் என்று வரும் இடங்களில் கிரேக்க மூலத்தில் நிற்கும் சொல் 'ஒய்க்கோனொமோஸ்'. 'ஒய்க்கோஸ்' என்றால் வீடு. பின்பகுதி 'பகிர்ந்து கொடுத்தல், நிருவகித்தல்' என்னும் பொருளுடைய 'நெமெய்ன்' என்ற வினையைச் சார்ந்தது. வீட்டிலுள்ளதை வீட்டாருக்குப் பகிர்ந்து கொடுத்து நடத்துகிறவன் என்பது அதன் நேர்ப்பொருள். பொருளாதாரத்தைக் குறிக்கும் 'எக்கானமி' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'ஸ்டூவர்ட்' பழைய ஆங்கிலத்தில் மனையையும் காவலனையும் குறித்த இரு சொற்களின் சேர்க்கை. எனவே அது காவலை முன்னிறுத்துகிறது, கிரேக்கச் சொல்லோ பகிர்வை முன்னிறுத்துகிறது. என் கருத்தில் வேதாகமத்தின் போக்குக்கு நெருக்கமானது பகிர்வுதான். ஏனெனில், பூட்டி வைப்பதற்கு ஒரு நல்ல பூட்டே போதும். பகிர்ந்து கொடுப்பதற்கோ விவேகமுள்ள ஓர் ஆள் வேண்டும்.

வேதாகமம் எல்லா இடங்களிலும் ஒரே சொல்லை ஆளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆபிராமின் வீட்டில் எலியேசர் 'விசாரணைக்கர்த்தன்' என்றும், போத்திபாரின் வீட்டில் யோசேப்பு 'விசாரணைக்காரன்' என்றும் அழைக்கப்படுகிறார்கள். இங்கே 'விசாரணை' என்பது குற்றத்தைத் துருவிக் கேட்பதைக் குறிக்கவில்லை. பொறுப்பேற்று மேற்பார்ப்பதைக் குறிக்கிறது. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் எஜமானின் ஆஸ்தியை அழித்துப்போட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன் உக்கிராணக்காரன்; தீத்து 1:7இல் சபையின் கண்காணியும், 1 பேதுரு 4:10இல் வரம் பெற்ற ஒவ்வொரு விசுவாசியும் அதே பெயரைப் பெறுகிறார்கள். ஆகவே, இப்பெயர் ஊழியர்களுக்கோ செல்வந்தர்களுக்கோ மட்டும் உரியதன்று.

சொல்லின் உட்பொருள் மிகத் தெளிவாக விளங்கும் இடம் லூக்கா 12:42. வேலைக்காரருக்குத் தகுதியான காலத்திலே 'படிகொடுக்கும்படி' எஜமான் நியமிக்கும் உண்மையும் விவேகமுமுள்ள விசாரணைக்காரன் யார் என்று இயேசு அங்கே கேட்கிறார். 'படி' என்பது இங்கே அளந்து கொடுக்கப்படும் உணவுப் பங்கு. கிரேக்க மூலத்திலும் தானிய அளவு என்னும் பொருளுடைய சொல்லே நிற்கிறது. பயணப்படி, பஞ்சப்படி என்று இன்றும் நாம் சொல்லும்போது அந்தப் பழைய படியே பேச்சில் நிற்கிறது. அந்த வேலையைச் சற்று அருகிலிருந்து பாருங்கள். பண்டசாலையைத் திறக்க வேண்டும். இத்தனை பேர் என்று எண்ணி, படியைத் தலைதட்டி அளந்து போட வேண்டும். இருப்பு எவ்வளவு என்று குறித்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். மறுநாளும் பசி வரும், ஆதலால் மறுநாளும் திறக்க வேண்டும். ஒரே நாளில் ஆண்டு முழுவதற்கும் அளந்து போட்டுவிட்டு அவன் ஓய்ந்திருக்க முடியாது. உக்கிராணக்காரனின் உண்மை அன்றாடப் பழக்கமாகவே வெளிப்படுகிறது. உக்கிராணத்துவத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பழக்கங்களைப் பற்றிப் பேசாமல் விடுவது, ஆகவே, சொல்லின் பாதியை விட்டுவிடுவதாகும்.

அதே அதிகாரத்தில், சற்று முன்னே, விளைச்சல் பெருகிய ஐசுவரியவான் ஒருவன் வருகிறான். அவன் வாயிலிருந்து வருவன 'என் களஞ்சியங்கள்', 'என் பொருள்கள்' என்னும் சொற்களே. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடும் அவனுக்கு, அளந்து கொடுப்பதற்கு ஒருவரும் நினைவுக்கு வருவதில்லை. பண்டசாலை ஒன்றுதான், அதைத் தன்னுடையது என்று நினைத்தவன் மதிகேடன் என்று அழைக்கப்பட்டான், பிறருடையது என்று அறிந்து நாள்தோறும் படியளந்தவன் பாக்கியவான் என்று அழைக்கப்பட்டான். 'பூமியும் அதின் நிறைவும்' கர்த்தருடையது என்ற சங்கீதம் 24இன் அறிக்கையை வாயால் சொல்வது எளிது. அது கையில் வந்து சேர்வது பழக்கத்தினால்தான்.

அப்படிப்பட்ட பழக்கத்துக்கு வேதாகமத்தில் சான்றுகள் பல. தானியேல் சிங்கக் கெபிக்குத் தள்ளப்படுவான் என்று தெரிந்தபின் புதிதாக ஜெபிக்கத் தொடங்கவில்லை. 'தான் முன் செய்துவந்தபடியே' தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டான். பஸ்கா இரவில் இயேசு ஒலிவமலைக்குப் போனதும் 'வழக்கத்தின்படியே' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. நெருக்கடி வரும்போது மனிதனைத் தாங்கி நிற்பது அதற்கு முன்பே வேர்பிடித்த பழக்கம் என்பதற்கு இவ்விரண்டையும்விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே, காலையில் கைப்பேசியைத் திறக்குமுன் சில நிமிடமாவது வேதத்தையும் ஜெபத்தையும் வைப்பது, நேரம் என்னும் பண்டசாலையின் முதற்படியை உரியவருக்கு அளப்பதாகும்.

பணத்தைக் குறித்தும் பவுல் கூறுவது ஒரு பழக்கத்தையே. 1 கொரிந்தியர் 16:2இல், வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கச் சொல்கிறார். தாம் வந்தபின் அவசரமாகச் சேர்க்க வேண்டாம் என்பதே அதன் நோக்கம். மிஞ்சினால் கொடுப்போம் என்றிருப்பவரிடம் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. வரவு வந்த நாளிலேயே பிரித்து வைப்பவருக்குக் கொடுப்பது பாரமாகத் தோன்றுவதில்லை. இதனோடு, இரவில் அன்றைய செலவை ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுதும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. லூக்கா 16இல் எஜமான் கேட்ட முதல் காரியம் உக்கிராணக் கணக்கு. கணக்கை ஒப்புவிக்கச் சொன்னபின் அந்த உக்கிராணக்காரன் கடனாளிகளை அழைத்துச் சீட்டுகளைத் திருத்தி எழுதச் சொல்லிக்கொண்டிருந்தான்: எண்ணெயில் நூறு ஐம்பதாயிற்று, கோதுமையில் நூறு எண்பதாயிற்று. அவனுடைய சாமர்த்தியம் மெச்சப்பட்டது உண்மை. ஆனாலும், அவன் அநீதியுள்ளவன் என்ற பெயர் மாறவில்லை. நாள்தோறும் எழுதப்பட்ட கணக்குக்கு அத்தகைய பதற்றம் தேவைப்படாது.

உணவு, உடல், ஓய்வு ஆகியவையும் இதில் அடங்கும். ஐயாயிரம் பேரைப் போஷித்தவர், ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்குத் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்து உணவான மன்னாவை அன்றன்றைக்கு வேண்டிய அளவு சேர்க்கக் கற்றுக்கொடுத்தவரே ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கொடுத்து, ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கவும் வைத்தார். இளைப்பாறாமல் உழைத்து உடலைக் கெடுத்துக்கொள்வதைப் பக்தியாக எண்ணுகிறவர்கள் இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும்; உடலும் ஒப்படைக்கப்பட்ட பொருள்தான்.

'உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்' என்பது 1 கொரிந்தியர் 4:2. இங்கே உண்மை என்பது பொய் பேசாமை மட்டுமன்று, நம்பி ஒப்படைக்கத் தக்க தன்மை. பெரிய சாதனை இங்கே கேட்கப்படவில்லை. ஆதலால் ஒரு நாள் பழக்கம் தவறிவிட்டால், தேவனுடைய அன்பை இழந்துவிட்டோமோ என்று கலங்குவதற்கும் இடமில்லை. பழக்கம் இரட்சிப்பின் விலையன்று, நம்பி ஒப்படைத்தவருக்குக் காட்டும் நன்றி. மறுநாள் காலையில் மீண்டும் பண்டசாலையைத் திறந்தால் போதும்.

இனி, ஏற்ற தமிழ்ச்சொல். 'மேலாளர்' அலுவலக வாடையுடையது. 'காப்பாளர்' பகிர்வை விட்டுவிடுகிறது. 'கண்காணிப்பாளர்' ஆள்களை மேற்பார்ப்பவரையே நினைவூட்டுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் லூக்கா 16இல் 'வீட்டுப் பொறுப்பாளர்' என்கிறது. இதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம். 'பொறு' என்றால் தாங்கு. 'உன் பொறுப்பில் விட்டுப் போகிறேன்' என்னும் வழக்கில் உடைமையாளர் வேறு, காப்பவர் வேறு என்பதும், திரும்பி வந்து கேட்பார் என்பதும் அடங்கியிருக்கின்றன. 'வீட்டு' என்னும் முன்னொட்டோ கிரேக்கத்தின் 'ஒய்க்கோஸ்' என்பதை அப்படியே காக்கிறது. உக்கிராணத்துவம் என்பதற்குப் 'பொறுப்புடைமை' என்று எழுதலாம். வேத வசனத்தை மேற்கோள் காட்டுமிடத்தில் உக்கிராணக்காரன் என்ற சொல்லை மாற்றாமல் வைத்து, முதன்முறை வரும்போது 'வீட்டுப் பொறுப்பாளர்' என்று விளக்கிவிட்டால், பழைய வாசகருக்கும் புதிய வாசகருக்கும் இடர்ப்பாடு இராது.