பிளக்கைக் கழற்றினாலும் அடிக்கும்

இந்த மாதமும் ஒரு தம்பி ஐந்து வாட் வால்வ் (பல்பு போன்ற கண்ணாடிக் குழாய்) கிற்றார் அம்ப்போடு (அம்ப்ளிஃபயர்) கடைக்கு வந்தார். பெருவிரல் நுனியில் கருகிய புள்ளி. சத்தம் மெல்லிசாக இருக்கிறது என்று, வீடியோ பார்த்து, மின்னைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றரை மாற்றப் போயிருக்கிறார். “அண்ணை, பிளக்கைக் கழற்றிப்போட்டுத்தான் கை வைச்சனான்” என்றார். இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு அலுத்துவிட்டது.

பிளக்கைக் கழற்றினால் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மட்டும்தான் நிற்கும். உள்ளே 300, 350 வோல்ட் ஃபில்டர் கப்பாசிற்றர்களில் நிறைந்து கிடக்கும். ‘போன முறை தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லையே’ என்பார்கள். போன முறை சூடாக இருந்த வால்வ், சுவிட்சை அணைத்த பின்னும் அதை இழுத்துக் குடித்திருக்கும். வால்வ் செத்திருந்தால், அல்லது வால்வைக் கழற்றிவிட்டு ஓன் பண்ணிப் பார்த்திருந்தால், குடிக்க ஆளில்லை. மின்னை வடித்துவிடும் ரெசிஸ்டரை மலிவு அம்ப் எல்லாவற்றிலும் எதிர்பார்க்க முடியாது.

எனக்குக் கோபம் வருவது ‘வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே’ என்னும்போதுதான். லைனில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் ஒன்றா என்றுதான் ட்ரிப் சுவிட்ச் பார்க்கிறது. 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் விழும். அம்ப்பின் ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் நடப்பது, ஓன் பண்ணி வைத்திருக்கும்போதுகூட, அதற்குத் தெரியாது. பிளக் கழன்ற அம்ப்புக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. கப்பாசிற்றர் உங்களை அடிக்கும்போது வீட்டு லைட் எரிந்துகொண்டே இருக்கும். தயவுசெய்து ட்ரிப் சுவிட்சை நம்பிக் கை வைக்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றிய பின் உள்ளே கிடப்பதை வடிக்க, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நல்ல உறை போட்ட கிளிப் வயரில் பொருத்துங்கள். ஒரு முனையை அம்ப்பின் உலோகச் சட்டமான சேசியில் கவ்விவிட்டு, மறுமுனையால் ஒவ்வொரு ஃபில்டர் கப்பாசிற்றரின் பிளஸ் காலையும் சில விநாடி தொட வேண்டும். மற்றக் கை பொக்கற்றுக்குள் இருக்கட்டும். பிறகு மீற்றரால் அளந்து பாருங்கள். பத்து வோல்ட்டுக்குக் கீழே வராமல் விரல் உள்ளே போகக் கூடாது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரமும் அளந்து பாருங்கள், வடித்த கப்பாசிற்றரில் வோல்டேஜ் மெல்ல ஏறி வருவதுண்டு. ஸ்குரூட்ரைவரால் ஷோர்ட் பண்ணுகிற வேலை வேண்டாம். தனியே இருந்தும் செய்யாதீர்கள்.

பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான், செப்புக் கம்பி அல்ல. இரைச்சலுக்காக எர்த் வயரை வெட்டுவது உயிரோடு விளையாடுவது. ஸ்பீக்கர் பொருத்தாமல் வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகலாம். ஜப்பானில் பாவித்த அம்ப் என்றால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகக் கூடாது.

இத்தனைக்கும், அந்த மெல்லிசுச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் சின்ன ஸ்பீக்கர்தான். அம்ப்பில் 8 ஓம் என்றிருந்தால், 8 ஓம் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக் கேளுங்கள். சத்தம் சீக்கிரம் உடைந்து கரகரக்கிறது என்றால், அணைத்து ஆறவிட்டு, 12ஏஎக்ஸ்7 வால்வ் இருந்த இடத்தில், அதைவிடக் குறைவாகப் பெருக்கும் 5751 வால்வைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் திறக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள் பிள்ளைகளே. கரண்ட்டை எப்படி வடிப்பதென்று உங்கள் முன்னாலேயே செய்து காட்டுகிறேன்.